துப்பாக்கி கைமாறும்போது

பினாங்கில் துப்பாக்கி லைசன்ஸ் வைத்திருந்த கட்சிக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இது: "பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோகலாமா, லாயர் சார்?" தீவில் வாழ்பவர்களுக்குக் கடல்தான் எல்லை என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் எல்லாமே பினாங்கு மாநிலம்தான். 1985இல் திறந்த பாலத்தில் போனாலும், அதற்கு முன் ஃபெர்ரியில் போனாலும் மாநிலம் மாறுவதில்லை. மாநிலம் மாறுவது வடக்கே மூடா ஆற்றைத் தாண்டிக் கெடாவுக்குள் நுழையும்போது, கிழக்கே கூலிம் பக்கம் திரும்பும்போது, தெற்கே கிரியான் ஆற்றைக் கடந்து பாரிட் புந்தாரில் இறங்கும்போது. அங்கெல்லாம் வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லை வந்ததும் போனதும் பலருக்குத் தெரியாது.

அந்த எல்லையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் இத்தனை ஆண்டுத் தொழிலில் மாநில எல்லையைத் தாண்டியதால் மட்டுமே மாட்டிக்கொண்டவர் என்று எவரையும் நான் பார்க்கவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் வேறோர் எல்லையைத் தாண்டியவர்கள். லைசன்ஸில் பெயர் உள்ளவரின் கையிலிருந்து, பெயர் இல்லாதவரின் கைக்குத் துப்பாக்கி போகும் இடம் அது. அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்கு, காவலாளியின் கையிலிருந்து டிரைவரின் கைக்கு, இறந்துபோன அப்பாவின் அலமாரியிலிருந்து மகனின் காருக்கு. சட்டம் பார்த்துக்கொண்டிருப்பது அந்த இடத்தைத்தான். அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

நான் சுங்கை பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டிலிருந்து பத்தானி சாலை போலீஸ் நிலையமும் பினாங்குச் சிறைச்சாலையும் எட்டி நடக்கும் தூரம். 1976இல் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கோப்பு கட்டுவது, லெபோ லைட் நீதிமன்றத்தில் தேதி பார்ப்பது, தமிழ் மட்டுமே தெரிந்த கட்சிக்காரர்களுக்கு வாயாக இருப்பது, இவைதான் என் வேலை. லண்டன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தை வெளிவாரியாகப் படித்து, பிறகு சி.எல்.பி. என்ற சட்டத் தொழில் தகுதித் தேர்வும் எழுதி, எண்பதுகளின் பிற்பகுதியில்தான் கறுப்பு அங்கி போட்டேன். ஆகவே துப்பாக்கி வழக்குகளை நான் முதலில் பார்த்தது குமாஸ்தா நாற்காலியிலிருந்து.

அது பயங்கரமான காலம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு நடப்பில் இருந்தது. பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், சட்டபூர்வமான காரணமில்லாமல் ஒருவரிடம் சுடும் ஆயுதமோ தோட்டாவோ இருந்தால் தண்டனை மரணம் ஒன்றுதான். நீதிபதிக்கு வேறு வழியே கிடையாது. 1969இல் வெளியான பிரகடனத்தின்படி பினாங்கும் பாதுகாப்புப் பகுதி. சுட்டாரா, சுட நினைத்தாரா, யாரையாவது மிரட்டினாரா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. இடுப்பில் இருந்ததா, பையில் இருந்ததா, அது இருப்பது அவருக்குத் தெரியுமா, இவ்வளவுதான்.

அதற்கு மேலே 1975இன் அத்தியாவசிய (பாதுகாப்பு வழக்குகள்) விதிமுறைகள் வந்தன. வழக்கறிஞர்கள் 'எஸ்கார்' என்று சொல்வார்கள். வழக்கமான சாட்சியச் சட்டத்தின் பாதுகாப்புகள் அந்த விசாரணையில் தளர்ந்துபோயின. சிறார்களுக்குத் தனி நீதிமன்றம் என்ற ஏற்பாடும் பொருந்தவில்லை. 1977இல் பினாங்கில் பதினாலு வயதுப் பையன் ஒருவனுக்குக் கைத்துப்பாக்கி வைத்திருந்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. அன்று எங்கள் அலுவலகத்தில் யாரும் சாப்பிடவில்லை. நாடு முழுக்கக் குரல் எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மலேசிய வழக்கறிஞர் மன்றம் கூடி, எஸ்கார் விசாரணைகளில் உறுப்பினர்கள் வாதாடப் போவதில்லை என்று தீர்மானம் போட்டது. பிறகு அந்தப் பையனின் தண்டனை குறைக்கப்பட்டு, சிறார்களுக்கான ஹென்றி கர்னி பள்ளிக்கு அவன் அனுப்பப்பட்டான்.

அடுத்து வந்தது தே செங் போ வழக்கு. அதுவும் பினாங்கில் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்ததாகத் தொடங்கிய வழக்குதான். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. கிரிமினல் வழக்குகளில் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் உரிமை 1978 ஜனவரி முதல் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்கு முன்பே தொடங்கிய மேல்முறையீடு என்பதால் இது மிஞ்சியது. 1978 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரியில் கூடிய பிறகு மாமன்னர் பெயரில் அப்படியொரு விதிமுறையைப் பிறப்பிக்க அதிகாரம் இல்லை, ஆகவே எஸ்கார் செல்லாது என்றது பிரிவி கவுன்சில். மறு ஆண்டே நாடாளுமன்றம் அவசரகாலச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, செல்லாமல் போனதைப் பின்தேதியிட்டுச் செல்ல வைத்தது. பினாங்குத் தெருவில் பிடிபட்ட ஒரு துப்பாக்கி, நாட்டின் அரசியல் சாசனத்தையே கேள்வி கேட்க வைத்ததை அப்போது நான் தட்டச்சுப் பொறிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன்.

எங்கள் மூத்த வழக்கறிஞர் புதிதாகச் சேரும் எல்லாருக்கும் மலாயா கணபதியின் கதையைச் சொல்வார். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த எஸ்.ஏ. கணபதி, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். 1948 ஜூனில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சம்மேளனம் தடைசெய்யப்பட்டது. அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று விதி வந்தது. 1949 மார்ச் தொடக்கத்தில் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் கணபதி கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். வழியில் கண்டெடுத்தது, போலீசில் ஒப்படைக்கத்தான் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன் என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்திய அரசு தலையிட்டுக் கேட்டும் பலன் இல்லை. 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அந்த வழக்கின் அரசியலைப் பற்றி நிறையப் பேசலாம். தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்த ஒருவரை அன்றைய ஆட்சி ஒழித்துக்கட்டியது என்றே நான் நம்புகிறேன். ஆனால் எங்கள் மூத்தவர் அந்தக் கதையைச் சொன்னதற்குத் தொழில் சார்ந்த காரணம் ஒன்றும் இருந்தது. "ஒப்படைக்கக் கொண்டுபோனேன் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பிடிக்கிறவன் கண்ணுக்கு, ஒப்படைக்கக் கொண்டுபோகிறவனும் சுடக் கொண்டுபோகிறவனும் ஒரே மாதிரித்தான் தெரிவான். அதனால் யாரையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லாதே. போலீஸை அங்கே வரச் சொல்." இந்த அறிவுரையைக் கடைசி வரை நான் கைவிடவில்லை.

அவசரநிலை 1960 ஜூலை 31இல் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சாதாரண நாட்களுக்கான 1960 ஆயுதச் சட்டமும் அந்த ஆண்டினதுதான். லைசன்ஸ் கொடுப்பவர் மாநிலப் போலீஸ் தலைவர். லைசன்ஸ் ஒரு மனிதருக்கு, அவருடைய குறிப்பிட்ட துப்பாக்கிக்கு, குறிப்பிட்ட அளவு தோட்டாவுக்கு, தாளில் உள்ள நிபந்தனைகளோடு கிடைக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 8ஆம் பிரிவின் கீழ் ஏழாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971இல் வந்த சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டம் இன்னும் கடுமையானது. அதன் 8ஆம் பிரிவில் பதினாலு ஆண்டு வரை சிறை, கூடவே ஆறுக்குக் குறையாத ரோத்தான், அதாவது பிரம்படி. ஆக, ஒரே துப்பாக்கி, ஒரே மனிதர், ஒரே சாலை. எந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டுவது என்பதை அரசுத் தரப்புத்தான் முடிவு செய்யும். அபராதம் கட்டி வீட்டுக்குப் போவதும் சிறைக்குப் போய் ரோத்தான் வாங்குவதும் அந்த முடிவில்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளில் நிபோங் திபால் பக்கத்திலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். கணவர் சின்னச் செம்பனைத் தோட்டம் வைத்திருந்தவர். காட்டுப்பன்றி தொல்லைக்காக முறையாக லைசன்ஸ் எடுத்து ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். கருமாதி முடிந்ததும், வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கப் போகிறார்களே என்று மூத்த மகன் துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டியையும் காரின் பின்னால் வைத்துக்கொண்டு பாரிட் புந்தாரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறார். கிரியான் பாலத்தைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் சாலைத் தடுப்பு.

"அப்பா துப்பாக்கிதானே சார்? திருடினதா? லைசன்ஸ் புத்தகம்கூட அவன் கையிலதான் இருந்திச்சு" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்குப் புரியும்படி சொல்வது எனக்குப் பெரிய பாடாக இருந்தது. வீடும் நிலமும் மகனுக்கு வரும். துப்பாக்கி வராது. லைசன்ஸ் அப்பாவோடு முடிந்துவிட்டது. அவர் மூச்சு நின்ற பிறகு அந்த வீட்டில் இருந்தது யார் பெயரிலும் இல்லாத ஆயுதம். அதைத் தொட்டுத் தூக்கியவர் யாரோ அவர் லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தவர். பாலத்தைத் தாண்டினாரா இல்லையா என்பது இரண்டாவது விஷயம். தாண்டியதால் வழக்கு பேராக்கில் நடந்தது, குடும்பம் அங்கும் இங்கும் அலைந்தது, அவ்வளவுதான்.

நான் அரசுத் தரப்புக்கு விரிவாக விண்ணப்பம் எழுதினேன். இறப்புச் சான்றிதழ், பழைய லைசன்ஸ், சித்தப்பாவின் வாக்குமூலம், ஊர்த் தலைவரின் கடிதம் எல்லாவற்றையும் இணைத்தேன். வழக்கு ஆயுதச் சட்டத்தின் கீழேயே நின்றது. மகன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதத்தோடு முடிந்தது. ஆனால் அவர் பெயரில் ஒரு குற்றப் பதிவு ஏறிவிட்டது. அரசு வேலைக்கு மனுப் போட்டிருந்த பையன். துக்க வீட்டில் யாராவது ஒருவர் போலீஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில், "அப்பா இறந்துவிட்டார், துப்பாக்கி அலமாரியில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

இன்னொரு பாடத்தைப் பாதுகாவல் நிறுவனங்களோடு பழகியபோது கற்றேன். வங்கிப் பணத்தை வேனில் கொண்டுபோகும் வேலையில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சுங்கை பினாங்கு, ஜெலுத்தோங் அடுக்குமாடிகளில் குடியிருந்த எத்தனையோ பேர் காலையில் சீருடை மாட்டிக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் பணம் கொண்டுபோய்விட்டு மாலையில் திரும்புவார்கள். மாநிலம் தாண்டுவது அவர்களுக்கு அன்றாடம். துப்பாக்கிக்கான லைசன்ஸ் நிறுவனத்தின் பெயரில். அதைத் தூக்கிச் செல்ல அனுமதி, பெயர் குறிப்பிட்ட காவலாளிக்கு. அந்த இரண்டு தாளும் சேர்ந்திருக்கும்வரை பிரச்சினை இல்லை.

ஒருமுறை சுங்கைப் பட்டாணியிலிருந்து திரும்பிய வேன் ஜூருவுக்கு அருகே நெடுஞ்சாலையில் நின்றுபோயிற்று. வேறு வேன் வந்து பணத்தை ஏற்றிக்கொண்டது. காவலாளிக்கு உடம்பு சரியில்லை என்று அவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய பம்ப் துப்பாக்கியை மட்டும் ஆபீசில் சேர்த்துவிடும்படி, அனுமதி எதுவும் இல்லாத ஒரு டிரைவரிடம் சூப்பர்வைசர் கொடுத்தார். டிரைவர் எங்கள் பகுதிக்காரர். என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவர். பாலத்துக்கு முன்னால் போலீஸ் நிறுத்தியது. அன்றிரவு லோக்காப்பில் அவரைப் பார்த்தபோது, "வேலையைத்தானே அண்ணே செஞ்சேன், மேலிடம் சொன்னதைத்தானே கேட்டேன்" என்றார். சில நாள் தடுப்புக் காவலுக்குப் பிறகு, நிறுவனத்தின் தாள்களும் சூப்பர்வைசரின் வாக்குமூலமும் வந்து, குற்றம் சாட்டாமல் விட்டார்கள். வேலை போய்விட்டது. அவர் மாநில எல்லையைத் தாண்டவில்லை. ஜூரு பினாங்கைச் சேர்ந்தது. கை மாறியதுதான் பிரச்சினை.

2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கியின் பெண் அதிகாரியை அதே வங்கியின் காவலாளியே சுட்டுக் கொன்றான். போலி அடையாள அட்டையில் வேலைக்குச் சேர்ந்த வெளிநாட்டான் அவன். அதன் பிறகு உள்துறை அமைச்சும் போலீசும் இந்தத் துறையைத் தலைகீழாகப் புரட்டிச் சோதித்தன. யார் கையில் துப்பாக்கி கொடுக்கிறோம், அவன் ஐ.சி. உண்மையா, அவன் பெயரில் அனுமதி இருக்கிறதா என்று ஒவ்வொரு நிறுவனமும் கணக்குக் காட்ட வேண்டி வந்தது. ஓர் உயிர் போன பிறகுதான் அது நடந்தது. முன்பே நடந்திருக்க வேண்டும் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

லைசன்ஸோடு போகிறவர்களின் உலகம் இப்படி என்றால், எதுவும் இல்லாமல் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் உலகம் வேறு. வடக்கே தாய்லாந்து எல்லை. அங்கிருந்து கள்ளத் துப்பாக்கி தெற்கே வருவது என் தொழில் காலம் முழுக்க நடந்தது. அதைத் தூக்கி வருவது பெரும்பாலும் அதன் சொந்தக்காரன் இல்லை. சில நூறு ரிங்கிட்டுக்கு ஒரு பையைக் கைமாற்றிக் கொடுக்கச் சம்மதித்த இளைஞன். அப்படி ஒரு பையன் சங்லூனிலிருந்து பஸ் ஏறி, பையோடு பட்டர்வொர்த்தில் பிடிபட்டான். இருபது வயது தாண்டவில்லை. பைக்குள் மூன்று கைத்துப்பாக்கி.

மூன்று என்ற எண்ணுக்கு அந்தச் சட்டத்தில் தனிப் பொருள் இருக்கிறது. கூடுதல் தண்டனைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, இரண்டுக்கு மேல் சுடும் ஆயுதம் சட்டவிரோதமாக வைத்திருந்தால் அவர் ஆயுதக் கடத்தல் செய்கிறார் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. அன்று கடத்தலுக்குத் தண்டனை மரணம் அல்லது ஆயுள் சிறை. இரண்டு துப்பாக்கி என்றால் பதினாலு ஆண்டுக்குள். மூன்றாவது ஒன்று பையில் இருந்தால் தூக்குக் கயிறு வரை போகலாம். பையைத் திறந்தே பார்க்காத அந்தப் பையனுக்கு உள்ளே எத்தனை என்று எப்படித் தெரியும்? "சாமான்னு சொன்னாங்க சார், வேற கேக்கலை" என்றான். கேட்காமல் தூக்கியதுதான் அவன் வாழ்க்கையைக் கேட்டது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு அரசுத் தரப்பு 8ஆம் பிரிவுக்குக் குறைத்தது. பல ஆண்டு சிறையும் ரோத்தானும் கிடைத்தன. அவன் தாய் அழுதது துக்கத்திலா நிம்மதியிலா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. ஆயுதம் வைத்திருப்பவனோடு கூடப் போவதே தனிக் குற்றம் என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது. காரில் இடம் இருக்கிறதே என்று ஏறிக்கொண்டவர்களும் அப்படி மாட்டியதுண்டு.

இதே வடக்கு எல்லையில் சிறிய வழக்குகளும் உண்டு. ஹாட்யாய்க்குச் சுற்றுலா போகும் குடும்பங்கள் அங்கே சந்தையில் நிஜத் துப்பாக்கி போலவே செய்த ரவைத் துப்பாக்கிகளைப் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொண்டு புக்கிட் காயு ஹீத்தாமில் சுங்கத்துறையிடம் மாட்டுவார்கள். போலி ஆயுதத்துக்கும் ஆயுதச் சட்டத்தில் 36ஆம் பிரிவு இருக்கிறது என்றால் நம்பமாட்டார்கள். காற்றுத் துப்பாக்கிகூட இந்த நாட்டில் லைசன்ஸ் வேண்டிய ஆயுதம்தான். பள்ளி விடுமுறை தொடங்குமுன் தெரிந்தவர்களிடம் எல்லாம் நான் இதைச் சொல்லிவைப்பேன்.

முறையாகச் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். போட்டிகளில் சுடுகிற ஒரு கட்சிக்காரர் வெளிமாநிலம் போகுமுன் மாதக் கணக்கில் திட்டமிடுவார். லைசன்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கு எழுதுவார். எந்த நாள், எந்த வழி, எங்கே தங்கல், துப்பாக்கி இரவில் எங்கே பூட்டியிருக்கும் என்று எல்லாவற்றையும் சொல்லிப் பதிலைக் கையில் வாங்கிக்கொள்வார். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுவார். துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டியில், தோட்டா தனியாக. விமானங்களில் ஒரு பயணி பெட்டியோடு சேர்த்து ஐந்து கிலோவுக்கு மேல் தோட்டா கொண்டுபோக முடியாது என்பது உலக விமானப் போக்குவரத்து விதி. சாலையில் போனால் வழியில் சாப்பிடக்கூட இறங்கமாட்டார். "காரை விட்டு நான் இறங்கினா அது யார் கைல இருக்கு சார்?" என்பார். நாற்பது ஆண்டுகளில் நான் சொல்லிக்கொடுத்ததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அவர்தான் ஒருமுறை மற்ற நாடுகளின் சட்டங்களைப் படித்துச் சொல்லும்படி கேட்டார். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் துப்பாக்கிச் சட்டம் வேறு. ஆகவே 1986இல் அங்கே கூட்டாட்சிச் சட்டம் ஒன்று வழிப்பயணிக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அவர் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றால், தோட்டா இல்லாமல், வண்டியில் கைக்கு எட்டாதபடி வைத்துக்கொண்டு இடைப்பட்ட மாநிலங்களைக் கடக்கலாம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. ஆனால் லைசன்ஸில் அது செல்லும் பரப்பு எழுதியிருக்கும். மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ மட்டும் எழுதியதை வைத்துக்கொண்டு வெளியே போனால் குற்றம். தமிழ்நாட்டில் தேர்தல் வந்தால் லைசன்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதை அங்குள்ள உறவினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் நாட்டில் ஆயுதம் கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. பெர்லிஸிலும் ஜொகூரிலும் ஒரே ஆயுதச் சட்டம்தான். அதனால்தான் இங்கே மாநிலக் கோட்டைவிடக் கைக்கோடு முக்கியமாகிறது. யார் கையில், எந்தத் தாளோடு என்பதைத்தான் தடுப்பில் நிற்கும் கான்ஸ்டபிள் முதலில் கேட்பார்.

என் தொழில் காலத்தில் சட்டம் இரண்டு பெரிய திருப்பங்களைக் கண்டது. 2012இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நீக்கப்பட்டது. அதோடு 57ஆம் பிரிவும் போயிற்று. கணபதியின் காலத்தில் தொடங்கிய, ஆயுதம் வைத்திருந்தாலே கட்டாயத் தூக்கு என்ற விதி, அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்து அன்றுதான் ஓய்ந்தது. இரண்டாவது, 2023. கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் மசோதாவை ஏப்ரல் 3ஆம் தேதி மக்களவை நிறைவேற்றியது. ஜூலை 4இல் சட்டம் நடப்புக்கு வந்தது. ஆயுதக் கடத்தலுக்கும் குற்றம் புரியும்போது சுட்டதற்கும் இருந்த மரண தண்டனையே எடுபட்டு, 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் ரோத்தானும் அதன் இடத்துக்கு வந்தன. அந்த மசோதாவை மக்களவையில் எடுத்துச் சென்றவர் துணையமைச்சராக இருந்த ராம்கர்ப்பால் சிங். அவருடைய தந்தை கர்ப்பால் சிங், எங்கள் பினாங்கு நீதிமன்றத்தில் தூக்குத் தண்டனைக்கு எதிராக வாழ்நாள் முழுக்க வாதாடியவர். 2014இல் சாலை விபத்தில் காலமானார். அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று அன்று நீதிமன்ற வட்டாரத்தில் எல்லாரும் சொன்னோம்.

தண்டனை குறைந்தது நியாயம். ஒரு பையைத் தூக்கிய பையனின் உயிரை எடுப்பதால் தாய்லாந்து எல்லையில் பையைக் கொடுத்தவன் நின்றுவிடவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்தவன். ஆனாலும் முப்பது ஆண்டு என்பது ஒரு மனிதரின் வாழ்க்கை. ஏழாண்டு வரை சிறை என்ற ஆயுதச் சட்டமும் அப்படியே இருக்கிறது. சட்டம் இளகிவிட்டது என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

இப்போது நான் நீதிமன்றம் போவதில்லை. ஆனால் வாசலுக்கு வந்து கேட்பவர்களுக்கு இன்றும் இவற்றைச் சொல்கிறேன். பிறர் துப்பாக்கியைத் தொடாதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட. திறந்து பார்க்காத பையை எந்த மாநிலத்துக்கும் தூக்காதீர்கள். எங்காவது துப்பாக்கி கிடந்தால் எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு ஓடாதீர்கள். அங்கேயே நின்று 999க்கு அழையுங்கள். லைசன்ஸ் உள்ளவர்கள் வெளிமாநிலம் போகுமுன் லைசன்ஸ் கொடுத்த அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். ஆண்டுதோறும் லைசன்ஸைப் புதுப்பித்துவிட்டு வீடு திரும்பும் அன்றே மனைவியையும் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்: "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இதை யாரும் எடுக்க வேண்டாம், எங்கும் கொண்டுபோக வேண்டாம். போலீசுக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்." போலீஸ் நிலையத்தின் தொலைபேசி எண்ணை அந்த அலமாரிக் கதவிலேயே ஒட்டிவையுங்கள். அப்படிச் சொல்லிவைத்த குடும்பங்களிலிருந்து எவரும் என்னிடம் கட்சிக்காரராக வந்ததில்லை.